ப்ராட் மென்பொருள்: குழந்தையின் குரலை அளக்க எவ்வளவு நம்பலாம்?

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் எழுதி, தொடர்ந்து புதுப்பித்துவரும் ப்ராட் மென்பொருளுக்குக் காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் நிறுவக்கூட வேண்டாம். ஒரே கோப்புதான், பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் திறக்கலாம். ஒலியியல் ஆய்வுக்காக உருவான இது, இன்று ஸ்பீச் தெரபி அறைகளிலும் பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு) மாணவர்களின் மடிக்கணினிகளிலும் குரல் சோதனைக் கருவியாக வேலை பார்க்கிறது. இங்கே கேள்வி, தொண்டை கரகரத்து வரும் ஐந்து வயது, எட்டு வயதுக் குழந்தையின் குரலை இதைக் கொண்டு அளக்கலாமா என்பது.

அளக்கலாம். ஆனால் அமைப்புகளைத் தொடாமல் அப்படியே ஓட்டினால், தவறான எண்ணை மூன்று தசம இடம்வரை அழகாகக் காட்டும். குழந்தைக் குரலில் ப்ராட் எங்கே சறுக்குகிறது என்று தெரிந்தவருக்கு இது அருமையான கருவி. தெரியாதவருக்குத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க ஒரு பட்டியல் கிடைக்கும், அவ்வளவே.

குழந்தையின் குரல்நாண் பெரியவரின் குரல்நாணைச் சுருக்கிய வடிவம் அல்ல. நீளம் குறைவு என்பது ஒரு பக்கம். பெரியவருக்கு இருக்கிற அடுக்கு அமைப்பு வளரிளம் பருவம்வரை மெல்ல மெல்லத்தான் உருவாகிறது. அதனால் பருவம் எய்தாத குழந்தையின் அடிப்படை அதிர்வெண் (குரல்நாண் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) பெரும்பாலும் 250 முதல் 300 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். உற்சாகத்தில் கத்தினால் அதற்கு வெகு மேலே போகும். நுரையீரலும் சிறியது. ஒரே மூச்சில் ‘ஆ’ என்று பெரியவர் 15, 20 விநாடி இழுப்பார். பள்ளி சேராத குழந்தை 10 விநாடியைத் தொடாமல் போவது இயல்புதான். இந்த மூன்றும், அதாவது உயர்ந்த அதிர்வெண், குறுகிய மூச்சு, நிலையில்லாத உச்சரிப்பு, ப்ராட்டின் முன்னிருப்பு அமைப்புகளோடு அடிக்கடி மோதுகின்றன.

முதலில் பதிவைப் பார்ப்போம், ஏனென்றால் பாதி அறிக்கைகள் கெட்டுப்போவது இங்கேதான். ‘நியூ’ மெனுவில் ‘ரெக்கார்ட் மோனோ சவுண்ட்’ திறந்து 44,100 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். தலையில் மாட்டும் கண்டென்சர் மைக் இருந்தால் மிக நல்லது. வாயிலிருந்து 4 முதல் 10 செ.மீ., நேர் எதிரே இல்லாமல் 45 முதல் 90 பாகை பக்கவாட்டில் வைத்தால் ‘ப’, ‘ஃப’ காற்று மைக்கில் மோதாது. மேசை மைக் வைத்தால் குழந்தை ஒவ்வொரு முறை அசையும்போதும் தூரம் மாறும். தூரம் இரு மடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். நாற்காலியில் ஆடாமல் உட்காரும் ஆறு வயதுக்காரர் யார்?

மடிக்கணினியின் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்’, இரைச்சல் நீக்கம் இரண்டையும் விண்டோஸ் ஒலி அமைப்பில் அணைத்துவிட வேண்டும். அவை குரலோடு கலந்த காற்றொலியை ‘இரைச்சல்’ என்று எண்ணித் துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தக் காற்றொலி. அலுவலக அழைப்புக்கென விற்கும் மலிவான யூ.எஸ்.பி. ஹெட்செட்டிலும் இதே சிக்கல் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு சுருக்கப்பட்டது, தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டோடு வருவது. காதால் கேட்டு ஒரு கருத்துக்கு வரலாம். ஜிட்டர் (அதிர்வுக்கு அதிர்வு நேரத்தில் வரும் தள்ளாட்டம்), ஷிம்மர் (உயரத்தில் வரும் தள்ளாட்டம்) எடுக்கக் கூடாது. ஏ.சி., மின்விசிறி இரண்டையும் பதிவு நேரத்துக்கு மட்டுமாவது நிறுத்துங்கள். பதிவு செய்யும்போது அளவுப் பட்டை சிவப்பைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

ஒரு குறை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘சேவ் டு லிஸ்ட்’ அழுத்தினால் பதிவு ப்ராட்டின் பட்டியலுக்குப் போகுமே தவிர வன்வட்டுக்குப் போகாது. தனியாக வேவ் கோப்பாகச் சேமிக்காமல் நிரலை மூடினால் போனது போனதுதான். அழுதுகொண்டே வந்த குழந்தையை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி எடுத்த நல்ல பதிவு இப்படிப் போவது ரொம்பக் கொடுமை.

எதைச் சொல்லச் சொல்வது? ‘ஆ’ என்று இழு என்றால் குழந்தை ஒன்று கத்தும், இல்லையென்றால் பாட்டுப் போல ஏற்றி இறக்கும். பேசும் சுருதியிலேயே உயிரொலியைப் பிடிக்க, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணவைத்து ‘நாலு’வில் நிறுத்தி ‘நாஆஆ’ என நீட்டச் சொல்லலாம். தொடக்கத்தில் மூக்கொலி சாயல் இருக்கும். அதை ஒதுக்கி நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். மூன்று தடவை, ஒவ்வொன்றும் 3 முதல் 5 விநாடி. ஒரே உரப்பில் சொல்லவைப்பது முக்கியம். உரக்கச் சொன்னால் ஜிட்டரும் ஷிம்மரும் குறையும், மெல்லச் சொன்னால் கூடும். முதல் நாள் கூச்சத்தில் முணுமுணுத்த பிள்ளை, பழகிய பிறகு உரக்கச் சொல்லும். எண்கள் ‘முன்னேறி’யிருக்கும், குரல்நாண் அப்படியே இருக்கும்.

உயிரொலி மட்டும் போதாது. குரல்நாண் முடிச்சு உள்ள குழந்தைகளில் பலரும் ‘ஆ’வைச் சமாளித்துவிடுவார்கள், பேச்சில்தான் குரல் உடையும். குரலைக் காதால் கேட்டு மதிப்பிடும் கேப்-வி முறை ஆறு வாக்கியங்களைக் கேட்பதன் காரணம் இதுவே: மென்மையான தொடக்கம், உயிரில் வன்தொடக்கம், முழுக்கக் குரலுள்ள ஒலிகள், மூக்கொலிகள் என்று ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சுமையைச் சோதிக்கிறது. ஆங்கில வாக்கியங்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதினால் இந்த அமைப்பு சிதறிவிடும். தமிழில் வல்லினம் தனித்து இடையில் வந்தால் பெரும்பாலும் அதிர்வோடு ஒலிக்கும், இரட்டித்தால் அதிர்வில்லாமல் ஒலிக்கும். வாக்கியம் அமைக்கும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ‘நாம மழையில ஆடினோம்’ என்பதில் முதலிலிருந்து கடைசிவரை குரல் நிற்கவே கூடாது. இதில் ப்ராட் ஓர் இடைவெளியைக் காட்டினால் கவனிக்கத் தக்கது. ‘ஆட்டோ ஓட்டினோம்’ என்று வைத்தால் ‘ட்ட’வில் குரல் இயல்பாகவே நிற்கும், இடைவெளி எதையும் சொல்லாது. ‘அம்மா ஆனை ஏரி ஓரம்’ போன்ற அடுக்கு, உயிரில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் தொண்டையை இறுக்கி மோதும் பழக்கத்தை வெளியே கொண்டுவரும். இவை அறையில் பயன்படுத்தத் தோதான சொற்கள்தாம், தரப்படுத்திய சோதனை இல்லை.

இதே காரணத்தால், ‘ஸ்’, அதன் அதிர்வுள்ள இணையான ‘இசட்’ இரண்டையும் எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று ஒப்பிடும் எஸ்-இசட் விகிதத்தைத் தமிழ்க் குழந்தைகளிடம் யோசித்தே பயன்படுத்த வேண்டும். ‘ஸ்ஸ்’ வரும். ‘ஸ்’ஸின் அதிர்வுள்ள இணை நம் பேச்சில் இல்லாததால் பல குழந்தைகள் அதையும் ‘ஸ்’ என்றோ ‘ஜ’ என்றோ சொல்லிவிடுவார்கள். விகிதம் 1.4-ஐத் தாண்டினால் குரல்நாண் சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படுவது வழக்கம்; அந்த ஒலியே வராத குழந்தைக்கு அந்த எண் எதையும் குறிக்காது. ப்ராட்டில் அலையைத் திறந்து, இரண்டாவது ஒலியில் அதிர்வு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனையைக் காப்பாற்ற ஒரு வழி.

இனி அமைப்புகள். ‘வியூ அண்ட் எடிட்’ திறந்தால் சுருதிக் கோடு தெரியும். 6.4-க்கு முந்தைய பதிப்புகள் 75 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை தேடும், 6.4-லிருந்து வடிகட்டிய ஆட்டோகோரிலேஷன் என்ற சுருதி தேடும் முறையும் 50 முதல் 800 ஹெர்ட்ஸ் எல்லையும் முன்னிருப்பு. இது பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தொடரத் தோதானது. குரல் ஆய்வுக்கு ‘ரா கிராஸ்-கோரிலேஷன்’ முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பில் இதையே ‘ஆப்டிமைஸ் ஃபார் வாய்ஸ் அனாலிசிஸ்’ என்று எழுதியிருந்தார்கள். மாற்றாமல் வாய்ஸ் ரிப்போர்ட் எடுத்தால், அளவுகள் துல்லியமற்றுப் போகலாம் என்று அறிக்கையின் தலையிலேயே எச்சரிக்கையும் வரும். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மீதியை ஒட்டிய ஆய்வேடுகள் இருக்கின்றன.

பருவம் எய்தாத குழந்தைக்கு 150 முதல் 600 ஹெர்ட்ஸ் என்று தொடங்குவது நல்லது. ப்ராட் பார்க்கும் சாளரத்தின் நீளம் கீழ் எல்லையைப் பொறுத்தது: கிராஸ்-கோரிலேஷனில் 75 என்றால் சுமார் 27 மில்லிவிநாடி, 150 என்றால் சுமார் 13. விரைவாக ஏறி இறங்கும் குழந்தைக் குரலுக்குக் குறுகிய சாளரம் பொருத்தம். மேல் எல்லையை வயதுவந்த ஆணுக்குரிய 300-இல் வைத்துவிட்டால், 340 ஹெர்ட்ஸில் பேசும் பிள்ளையின் சுருதி 170 என்று பாதியாக வரும். சுருதிக் கோடு திடீரென ஒரு ஸ்தாயி கீழே குதித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஆனால் கீழ் எல்லையை உயர்த்துவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 280 ஹெர்ட்ஸில் பேசும் குழந்தையின் குரலில் இரண்டு அதிர்வுக்கு ஒருமுறை அலை மாறும் உள்ளதிர்வு இருந்தால் அது 140-இல் விழும். 150-இலிருந்து மட்டும் தேடினால் கண்ணில் படாது. காதுக்குக் கரகரப்புக் கேட்டால் 75-க்கு இறக்கி ஒருமுறை மறுபடி பாருங்கள். குரல் உடையும் 12 முதல் 14 வயதுப் பையன்களுக்கும் பரந்த எல்லைதான் தேவை.

எண் எதையும் எடுக்கும் முன் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஓங்கியது என்று காட்டும் படத்தைப் பார்க்க வேண்டும். இதன் முன்னிருப்புச் சாளரம் 0.005 விநாடி, பட்டை அகலம் 260 ஹெர்ட்ஸ். பெரிய ஆணின் குரலில் இது ஃபார்மன்ட்களை (வாய், தொண்டையின் வடிவத்தால் ஓங்கும் அதிர்வெண்களை) காட்டும். 300 ஹெர்ட்ஸ் குழந்தைக் குரலிலோ தனித்தனி இசைக்கூறுகளே (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) கறுப்புப் பட்டைகளாக வந்து ஃபார்மன்ட் போல ஏமாற்றும். சாளரத்தை 0.03-க்கு மாற்றினால் அகலம் 43 ஹெர்ட்ஸாகக் குறையும். இசைக்கூறுகள் கோடு கோடாகப் பிரியும், அவற்றின் நடுவே புதிதாக முளைக்கும் மெல்லிய கோடுகள் உள்ளதிர்வைக் காட்டிக்கொடுக்கும். பத்து விநாடிக்கு மேல் திரையில் விரித்து வைத்தால் ஆய்வுகள் எதுவும் தெரியாது. ப்ராட் கெட்டுப்போகவில்லை, பெரிதாக்கிப் பார்த்தால் வந்துவிடும்.

இந்தப் படத்தைக் கொண்டே குரலை மூன்று வகையாகப் பிரிக்கிறோம். 1995-இல் இங்கோ டிட்சே தொகுத்த வகைப்பாடு இது. சீரான அலை முதல் வகை. உள்ளதிர்வோ ஏற்ற இறக்கமோ கலந்தது இரண்டாம் வகை. ஒழுங்கே இல்லாதது மூன்றாம் வகை. ஜிட்டர், ஷிம்மர் முதல் வகைக்கு மட்டும் பொருந்தும். அலையின் ஒவ்வொரு சுற்றையும் அடுத்ததோடு ஒப்பிடுவதுதான் ஜிட்டர்; சுற்று எங்கே தொடங்குகிறது என்றே நிரலுக்குத் தெரியாத குரலில் எதை எதோடு ஒப்பிடும்? வேதனை என்னவென்றால், ப்ராட் மூன்றாம் வகைக் குரலுக்கும் தயங்காமல் எண் கொடுக்கும். 5 சதவீதத்துக்கு மேல் வரும் ஜிட்டரை அறிக்கையில் எழுதாமல் ‘இரண்டாம் வகை, உள்ளதிர்வு உள்ளது’ என்பது போலப் படத்தில் கண்ட வகையை எழுதுவதே நேர்மை. மோசமான குரல்களில்தான் எண் உதவாது. மருத்துவரிடம் வருவதும் பெரும்பாலும் அவைதான்.

முதல் வகைக் குரல் என்றால், நடுவில் 1 முதல் 3 விநாடியைத் தேர்ந்தெடுத்து, ‘பல்சஸ்’ மெனுவில் ‘ஷோ பல்சஸ்’ இயக்கி, ‘வாய்ஸ் ரிப்போர்ட்’ எடுங்கள். நீலக் கோடுகள் ஒவ்வொரு அதிர்விலும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று கண்ணால் ஒரு பார்வை பார்ப்பது அரை நிமிட வேலை. அறிக்கையில் வரிகள் ஏராளம். ஜிட்டர் லோக்கல், ஷிம்மர் லோக்கல், சராசரி எச்.என்.ஆர். (குரலில் சீரான ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்), குரல் முறிவு எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. 1.040, 3.810 சதவீதம் என்று ஜிட்டர், ஷிம்மருக்கு எல்லை வைத்து ‘இதற்கு மேல் நோய்’ என்று எழுதுவது ஒரு தொற்று. அந்த எண்கள் எம்.டி.வி.பி. என்ற வேறு மென்பொருளுடையவை, அளக்கும் முறையும் வேறு. ப்ராட்டின் கையேடே அவற்றை எச்சரிக்கையோடுதான் சொல்கிறது. எச்.என்.ஆர். பற்றி அதே கையேடு, ஆரோக்கியமான குரலில் ‘ஆ’வுக்குச் சுமார் 20 டெசிபல், ‘ஊ’வுக்குச் சுமார் 40 என்கிறது. ஆகவே முதல் நாள் ‘ஆ’, அடுத்த மாதம் ‘ஊ’ என்று மாற்றிவிட்டு ஒப்பிடுவது வீண்.

ஏ.வி.க்யூ.ஐ. (பல அளவுகளைச் சேர்த்த குரல் தரக் குறியீடு), சி.பி.பி.எஸ். (குரல் எவ்வளவு சீரானது என்பதை ஓர் உச்சியின் உயரத்தால் காட்டும் அளவு) இரண்டும் பேச்சிலும் வேலை செய்வதால் குழந்தைகளுக்கு ஜிட்டரைவிட ஏற்றவை. பொதுவாக இதை ஒப்புக்கொள்ளலாம். ஒரு பொறி மட்டும் யாரும் சொல்லாமல் விடுகிறார்கள். ‘கெட் சி.பி.பி.எஸ்.’ பெட்டியில் உச்சி தேடும் எல்லை முன்னிருப்பாக 60 முதல் 330 ஹெர்ட்ஸ். 350-இல் குரல் எழுப்பும் குழந்தையின் உண்மையான உச்சி இந்த எல்லைக்கு வெளியே நிற்கும். நிரல் அதன் அடுத்த எதிரொலி உச்சியை 175-இல் பிடிக்கும்; அது சிறியது, எனவே நல்ல குரலும் கெட்ட குரலாகப் பதிவாகும். மேல் எல்லையை 600 ஆக்கினால் சரியாகும். ஆனால் மாற்றிய எல்லையில் எடுத்த எண்ணை, 330 எல்லையில் எடுத்த வெளியீடுகளின் அளவோடு ஒப்பிட முடியாது. ஏ.வி.க்யூ.ஐ. ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்கள் உள்ளே எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று திறந்து பார்ப்பது அவசியம்.

உரப்பு அளவுக்கு ப்ராட் தரும் டெசிபலை அப்படியே நம்பக் கூடாது. மைக்கின் உணர்திறன் அதற்குத் தெரியாது. ஒலிமானி ஒன்றை 30 செ.மீ. தொலைவில் வைத்து, அதன் அளவோடு ஒருமுறை சரிபார்த்து வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

ப்ராட் குரல்நாணைப் பார்க்காது. முடிச்சா, நீர்க்கட்டியா, சவ்வா என்று எந்த எண்ணும் சொல்லாது. அதற்கு மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப் போட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கரகரப்பு நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும் என்பது 2018-இல் வந்த அமெரிக்கக் காது மூக்குத் தொண்டைச் சங்க வழிகாட்டுதல். மூச்சு இழுக்கும்போது கீச்சொலி, நாளுக்கு நாள் கூடும் கரகரப்பு, விழுங்கும்போது புரையேறுவது, பிறந்ததிலிருந்தே மெல்லிய அழுகை, இதய அறுவைக்குப் பின் மாறிய குரல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகளால் குரல்வளையில் வளரும் பாப்பிலோமா என்ற மரு சில குழந்தைகளின் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். பி.டி.ஏ. (பிறந்த பின்னும் மூடாமல் இருக்கும், இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய்) அறுவையில் இடப்பக்கக் குரல்வளை நரம்பு பாதிக்கப்படுவதும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட குழந்தையை உட்காரவைத்து ஜிட்டர் எடுப்பது நேர விரயம்.

வீட்டிலும் பள்ளியிலும் குரல் குழந்தைக்கு என்ன இடைஞ்சல் தருகிறது என்பதும் திரையில் வராது. அதற்குப் பெற்றோர் நிரப்பும் பி.வி.எச்.ஐ. படிவம் உண்டு: 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, அதிகபட்சம் 92. ப்ராட் அறிக்கை, இந்தப் படிவம், காதால் கேட்டு இடும் கிர்பாஸ் அல்லது கேப்-வி மதிப்பெண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும். மூன்றும் முரண்பட்டால் நான் எண்ணை முதலில் சந்தேகிப்பேன், காதைக் கடைசியில்.

விலைகொடுத்து வாங்கும் எம்.டி.வி.பி. போன்றவற்றோடு ஒப்பிட்டால் ப்ராட்டில் நோயாளிப் பதிவேடு இல்லை, வண்ண வட்டப்படம் இல்லை, ஒரே சொடுக்கில் அறிக்கை இல்லை. திரை தொண்ணூறுகளை நினைவூட்டும். மாற்றாக, எந்த எண் எப்படி வந்தது என்று ஒவ்வொரு படியும் திறந்து கிடக்கிறது, கோப்பு உங்கள் கணினியை விட்டு எங்கும் போவதில்லை. நூறு பதிவை ஸ்கிரிப்ட் எழுதி ஒரே அமைப்பில் ஓட்டலாம். 4 முதல் 18 வயதுவரையான 100 குழந்தைகளைக் கொண்டு 2002-இல் வெளியான தரவு எம்.டி.வி.பி.யில் எடுத்தது, ப்ராட் எண்ணை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. ப்ராட்டின் உண்மையான பயன், ஒரே குழந்தையை அதே மைக், அதே தூரம், அதே சொல், அதே எல்லையில் எட்டு வாரம் கழித்து மறுபடி அளப்பதில் இருக்கிறது.

அதற்குக் கோப்பின் பெயரிலேயே குழந்தையின் குறியீட்டு எண் (பெயர் வேண்டாம்), தேதி, உயிரொலி எது என்பதை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தாளில் ப்ராட் பதிப்பு எண், சுருதி எல்லை, முறை, மைக் தூரம், ஒலிமானி அளவு, குரலின் வகை, அன்று சளி இருந்ததா என்பதைக் குறித்துவையுங்கள். சளி பிடித்த நாளில் எடுத்த பதிவை அடிப்படை அளவாக வைத்துக்கொண்டால், சிகிச்சையே இல்லாமல் எல்லாக் குழந்தையும் தேறிவிட்டதாகத்தான் தெரியும்.